இலவசமாக வரும் விற்றமினும் எங்கள் பிள்ளைகளின் சாப்பாடும்

(மீள்குடியேறிய கிராமங்களில் நடந்த தாய்மார் கூட்டங்களில் எமது நிறுவனத்தின் தொடர்பாடல் உத்தியோகத்தர் ஆற்றிய உரை. கூட்டத்துக்கு வரமுடியாதவர்களும் வாசிக்கும்படி இங்கே தரப்படுகிறது.)



முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் வைத்தியர் அல்ல. சுகாதாரத் தகவல்களை விளங்கும் தமிழில் எழுதி உங்களிடம் கொண்டுவருவதுதான் என்னுடைய வேலை. இங்கே நான் சொல்பவை சுகாதாரத் திணைக்களமும் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப் நிறுவனமும் சொல்லிவருகின்ற விடயங்கள். உங்கள் பிள்ளைக்கு எது தேவை என்ற முடிவை உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம், அதாவது நீங்கள் மருத்துவமாது என்று கூப்பிடுகிறவரிடம், கேட்டே எடுக்க வேண்டும்.

இடம்பெயர்ந்திருந்த காலத்தில் உங்கள் பிள்ளைகளுக்கு எத்தனையோ பொருட்கள் தரப்பட்டன. கப்சூலின் நுனியை வெட்டி வாயில் எண்ணெய் விட்டார்கள். தூள் பைக்கற் தந்தார்கள். சத்து பிஸ்கற், திரிபோஷா, பூச்சிக் குளிசை எல்லாம் வந்தன. வரிசையில் நின்று வாங்கிக் கொடுத்தீர்கள். இது என்ன, எதற்கு என்று ஆறுதலாகக் கேட்பதற்கு அப்போது நேரம் இருக்கவில்லை. இப்போது சொந்தக் காணிக்கு வந்துவிட்டீர்கள். உலர் உணவு நிவாரணம் ஆறு மாதத்தோடு முடிகிறது. எங்களைப் போன்ற நிறுவனங்களும் ஒருநாள் போய்விடும். அதற்கு முன்னர், கையில் வருகின்ற ஒவ்வொன்றும் என்ன வேலை செய்யும், என்ன வேலை செய்யாது என்பதை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். அதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

எண்ணெய்க் கப்சூல்

அந்தக் கப்சூலுக்குள் இருப்பது விற்றமின் ஏ. இது குறைந்தால் பிள்ளைக்கு மாலைக்கண் வரும் என்று எங்கள் பெரியவர்களுக்கே தெரியும். பொழுதுபட்டதும் பிள்ளை தட்டுத்தடுமாறும், சாப்பாட்டுக் கோப்பையைக் கையால் தடவித் தேடும், விளையாடப் போகாமல் ஒரு மூலையில் இருந்துவிடும். கண்ணின் வெள்ளைப் பகுதியில் நுரை போன்ற வெண்படலம் தெரியலாம். இவற்றில் எதைக் கண்டாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். பிந்தினால் பார்வை முழுதாகப் போய்விடக்கூடும்.

இது கண்ணோடு மட்டும் நிற்கும் விடயம் அல்ல என்பதை உலகம் தெளிவாக அறிந்துகொண்டது 1980களில்தான். அல்பிரட் சோமர் என்ற அமெரிக்கக் கண் வைத்தியர் இந்தோனேசியாவில் வேலை செய்தபோது, மாலைக்கண் உள்ள பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளைவிடக் கூடுதலாக இறப்பதைக் கண்டார். பிறகு சுனாமி அடித்த அதே ஆச்சே மாகாணத்தில் 450 கிராமங்களில் ஆய்வு நடந்தது. ஏறத்தாழப் பாதிக் கிராமங்களின் பிள்ளைகளுக்கு ஆறு மாத இடைவெளியில் விற்றமின் ஏ கப்சூல் கொடுத்தார்கள். 1986ஆம் ஆண்டு அதன் முடிவு வெளியானது. கப்சூல் கிடைத்த கிராமங்களில் சிறுபிள்ளை மரணம் மூன்றில் ஒரு பங்களவு குறைந்திருந்தது. பின்னர் வேறு நாடுகளில் நடந்த ஆய்வுகளில் பலன் எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருக்கவில்லை. சின்னமுத்தும் வயிற்றோட்டமும் அதிகமாக இருந்து, சாப்பாட்டில் விற்றமின் ஏ குறைவாக இருந்த இடங்களில் பலன் கூடுதலாக இருந்தது. இந்த விற்றமின் குறைந்த உடம்பு நோயோடு போராட முடியாமல் போவதே காரணம்.

ஒரு கப்சூலின் விலை சில அமெரிக்கச் சதங்கள்தான். உலகம் முழுவதும் கொடுக்கப்படுகின்ற கப்சூல்களில் பெரும்பகுதி கனடா அரசின் பணத்தில் யுனிசெப் ஊடாக வருகிறது. நன்கொடை சேர்க்கும்போது, சில சதத்தில் ஒரு பிள்ளையின் கண்ணைக் காப்பாற்றலாம் என்று நிறுவனங்கள் எழுதும். அது உண்மைதான். ஆனால் அந்த வசனத்தில் சொல்லப்படாத மூன்று விடயங்களை நீங்கள் அறிந்திருக்க வேண்டும்.

முதலாவது, கப்சூலின் பலன் நாலு முதல் ஆறு மாதம் வரைதான். விற்றமின் ஏ ஈரலில் சேமிக்கப்பட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவாகும். தீர்ந்ததும் பிள்ளை பழைய நிலைக்கு வந்துவிடும். முகாமில் கடைசியாகக் குடித்த துளி இன்றைக்கு உங்கள் பிள்ளையின் உடம்பில் இருக்காது.

இரண்டாவது, கூடினாலும் கெடுதல். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி, 6 மாதம் முதல் 11 மாதம் வரையான பிள்ளைக்கு ஒரு தடவைக்கு 1 இலட்சம் அலகு. ஒரு வயது முதல் ஐந்து வயது வரை 2 இலட்சம் அலகு. நாலு முதல் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை. எங்கள் கிளினிக்குகளில் எந்த வயதில் எந்த அளவு என்பதைச் சுகாதாரத் திணைக்களம் தீர்மானிக்கும். இந்தக் கிழமை நடமாடும் வைத்திய சேவையில் ஒன்று, அடுத்த கிழமை வேறொரு நிறுவனத்திடம் இன்னொன்று என்று இரண்டு தடவை குடித்தால் பிள்ளைக்குச் சத்தியும் தலையிடியும் வரலாம், கைக்குழந்தையின் உச்சிக்குழி வீங்கலாம். திரும்பத் திரும்பக் கூடுதலாகக் கொடுத்தால் ஈரல் பாதிக்கப்படும்.

மூன்றாவது, கர்ப்பிணித் தாய்மார் இந்தக் கப்சூலைக் குடிக்கவே கூடாது. வயிற்றிலிருக்கும் குழந்தையின் உடலமைப்பைப் பாதிக்கக்கூடியது. மிஞ்சிப்போயிற்று, வீணாகக்கூடாது என்று அம்மா வாயில் விட்டுக்கொள்ள வேண்டாம்.

இதனால்தான் பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேடு, நீங்கள் கிளினிக் அட்டை என்று சொல்வது, இவ்வளவு முக்கியம். உங்களில் பலர் அதைப் போரில் தொலைத்துவிட்டீர்கள். தொலைந்தது உங்கள் தவறல்ல. கிளினிக்கில் புதியது கேட்டு வாங்குங்கள். முகாமில் தந்த துண்டு ஏதாவது பெட்டிக்குள் கிடந்தால் அதையும் கொண்டுபோங்கள். கடைசியாக எப்போது குடித்தது என்று திகதி தெரியாவிட்டால் நல்லநாள் பெருநாளை வைத்துச் சொல்லுங்கள். தைப்பொங்கலுக்கு முதற்கிழமை, நத்தாருக்குப் பிறகு, கோயில் திருவிழாவுக்கு முன்னம் என்று சொன்னாலே அவர்கள் கணக்குப் பார்த்துக்கொள்வார்கள். எந்த நிறுவனம் எதைக் கொடுத்தாலும் அட்டையில் எழுதித் தாருங்கள் என்று கேளுங்கள். எங்களிடமும் கேளுங்கள்.

தூள் பைக்கற்

சிறிய பைக்கற்றில் வருகின்ற நுண்போசணைத் தூளைக் கனடாவின் டொரன்டோவில் உள்ள சிறுவர் ஆஸ்பத்திரியைச் சேர்ந்த ஸ்டான்லி ஸ்லொட்கின் என்ற வைத்தியர் 1990களில் உருவாக்கினார். இரும்புச் சத்துப் பாணி கசக்கும், பல்லில் கறை பிடிக்கும், பிள்ளைகள் துப்பிவிடும். அதனால் சாப்பாட்டிலேயே கலந்துவிடக்கூடிய தூளைச் செய்தார். இன்று பல நாடுகளில் கொடுக்கப்படும் பைக்கற்றில் இரும்பு, நாகம், விற்றமின்கள் என 15 வகைச் சத்துகள் உள்ளன.

இதைச் சரியாகக் கொடுக்கும் முறை இதுதான். அடுப்பில் கொதிக்கும் கஞ்சியில் போட வேண்டாம். நிறமும் மாறும், சுவையும் மாறும். சமைத்து இறக்கி, பிள்ளை சாப்பிடும் சூட்டுக்கு ஆறியபிறகு, மசித்த சோற்றிலோ கட்டியான கஞ்சியிலோ இரண்டு மூன்று வாய்க்கு அளவான பங்கில் கலந்து அதை முதலில் தீத்துங்கள். மிச்சச் சாப்பாட்டைப் பிறகு கொடுங்கள். கலந்ததை அரை மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும். தேநீரிலும் பாலிலும் தண்ணீரிலும் கலக்க வேண்டாம். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு பைக்கற்தான். மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம், அது இரும்புச் சத்தினால் வருவது. காய்ச்சலோ வயிற்றோட்டமோ இருக்கும்போது தொடர்வதா விடுவதா என்று மருத்துவமாதுவிடம் கேளுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். அந்தப் பைக்கற்றின் நிறை ஏறத்தாழ ஒரு கிராம். ஒரு கிராம் தூள் வயிற்றை நிரப்பாது, நிறையைக் கூட்டாது. வெறும் சோற்றுத் தண்ணீரில் தூளைக் கலந்து கொடுத்தால் பிள்ளை மெலிந்துகொண்டே போகும்.

திரிபோஷா

திரிபோஷா மருந்தல்ல, சாப்பாடு. சோளமும் சோயாவும் சேர்த்து, விற்றமினும் கனியுப்பும் கலந்து செய்யப்படுவது. 1973ஆம் ஆண்டு வெளிநாட்டு உதவியோடு தொடங்கியது. பிறகு எங்கள் நாட்டிலேயே தயாரிக்கப்பட்டு அரசாங்கத்தின் சொந்தத் திட்டமாகிவிட்டது. ஆகவே நிறுவனங்கள் போனாலும் இது கிளினிக்கில் தொடரும். நிறை குறைந்த பிள்ளைக்கும், கர்ப்பிணிக்கும், பாலூட்டும் தாய்க்கும் என்று இது ஒதுக்கப்படுகிறது.

ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு 50 கிராம். 750 கிராம் பைக்கற் இரண்டு கிடைத்தால் சரியாக 30 நாளைக்கு வரும். அதையே வீட்டிலுள்ள நாலு பிள்ளைகளும் சாப்பிட்டால் ஏழரை நாளில் முடிந்துவிடும். பிறகு இருபத்திரண்டு நாள் அந்த நிறை குறைந்த பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. அடுத்த மாதம் கிளினிக்கில் நிறுக்கும்போது கோடு ஏறியிருக்காது. திரிபோஷா கொடுத்தும் பிள்ளை தேறவில்லை என்று எழுதப்படும்.

பங்கிடுவது பிழை என்று தாய்மாரைக் குற்றம் சொல்ல நான் வரவில்லை. மூத்த பிள்ளை பார்த்துக்கொண்டிருக்க இளைய பிள்ளைக்கு மட்டும் உருண்டை பிடித்துக் கொடுக்க எந்தத் தாய்க்கும் மனம் வராது. நான் கேட்பது வேறு. வீட்டில் எல்லோரும் அதைச் சாப்பிடும் நிலை என்றால், அந்த வீட்டில் சாப்பாடு போதாது என்பதுதான் அர்த்தம். அதை மறைக்காமல் மருத்துவமாதுவிடம் சொல்லுங்கள், கிராம அலுவலரிடம் சொல்லுங்கள், எங்கள் கள உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். சொன்னால் பைக்கற்றை வெட்டிவிடுவார்கள் என்று சில தாய்மார் பயப்படுகிறார்கள். நீங்கள் சொல்லாவிட்டால், உங்கள் வீட்டுக்கு வேறு உதவி வேண்டும் என்பது யாருக்கும் தெரியாமல் போகும்.

மிகவும் மெலிந்த பிள்ளைகளுக்குக் கிளினிக்கில் தருகின்ற பிபி-100 என்ற கட்டி பிஸ்கற்றை மட்டும் மருந்தைப் போலவே நினையுங்கள். அது அந்தப் பிள்ளைக்கு மட்டும். முகாமில் பிள்ளையின் மேற்கையை வர்ண நாடாவால் அளந்தது நினைவிருக்கும். 6 மாதம் முதல் 5 வயது வரையான பிள்ளைக்கு 11.5 சென்ரிமீற்றருக்குக் கீழே என்றால் சிவப்பு, உயிராபத்து. 12.5 வரை மஞ்சள், கவனம் தேவை. அதற்கு மேல் பச்சை. சிவப்பில் உள்ள பிள்ளைக்கு விற்றமின் பாணி வாங்கிக் கொடுத்துக் காத்திருக்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

நல்ல மனதோடு வந்தவையும் கெடுதல் செய்ததுண்டு

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வறிய நாடுகளுக்கு ஆடை நீக்கிய பால்மா பெருமளவில் நன்கொடையாக அனுப்பப்பட்டது. பாலின் கொழுப்பை நீக்கும்போது அதிலுள்ள விற்றமின் ஏயும் போய்விடும். பால்மாவைக் குடித்து வளரத் தொடங்கிய பிள்ளைகளின் உடம்பு, ஈரலில் இருந்த கொஞ்ச விற்றமின் ஏயையும் செலவழித்தது. சில இடங்களில் கண் நோய் கூடியது. 1960களில்தான் நன்கொடைப் பால்மாவில் விற்றமின் ஏ சேர்த்து அனுப்பத் தொடங்கினார்கள். சுனாமிக்குப் பிறகு ஆச்சேக்குச் சுமார் 4,000 தொன் மருந்து வந்து குவிந்தது. அவற்றில் பெரும்பகுதி அங்கே தேவைப்படாதது. பலவற்றின் பெயரை அங்குள்ளவர்களால் வாசிக்கவும் முடியவில்லை.

இதை ஏன் உங்களுக்குச் சொல்கிறேன் என்றால், உங்களில் பலருக்குக் கனடாவிலும் லண்டனிலும் சுவிஸிலும் உறவுகள் இருக்கிறார்கள். அவர்கள் பாசத்தோடு விற்றமின் போத்தல்களை அனுப்புகிறார்கள். வந்ததைத் திறக்க முன்னர் முடிவுத் திகதியைப் பாருங்கள். பெரியவர்களுக்கான குளிசையைப் பாதியாக உடைத்துப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டாம். இனிப்புப் போலச் செய்த விற்றமினைப் பிள்ளைகள் இனிப்பென்றே நினைத்துக் கைநிறைய அள்ளிச் சாப்பிடுவார்கள். இரும்புக் குளிசையை ஒரு சிறுபிள்ளை கூடுதலாக விழுங்கினால் உயிரே போகலாம். கர்ப்ப காலத்தில் உங்களுக்கு கிளினிக்கில் தந்த குளிசையாக இருந்தாலும் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். போத்தலை ஒருமுறை கிளினிக்கில் காட்டிவிட்டுப் பாவியுங்கள்.

என்ன அனுப்ப என்று அவர்கள் கேட்டால், விற்றமின் போத்தலின் காசுக்கு இரண்டு முட்டைக் கோழி வாங்கித்தாருங்கள், ஆடு மாடு புகாமல் தோட்டத்துக்கு வேலி அடைக்க உதவுங்கள், கிணறு இறைக்க உதவுங்கள் என்று சொல்லுங்கள்.

வளவிலும் சமையலிலும்

கப்சூலில் இருக்கும் விற்றமின் ஏயை உங்கள் வளவும் தரும். முருங்கைக் கதியால் ஒன்றை வேலியோடு நட்டால் சில மாதத்தில் இலை பறிக்கலாம். பப்பாசி ஒரு வருடத்தை அண்டிப் பழம் தரும். பூசணி, பொன்னாங்காணி, வல்லாரை, அகத்தி, மாம்பழம் எல்லாவற்றிலும் இது உண்டு. ஆனால் விற்றமின் ஏ கொழுப்பில் கரைவது. இலையை வெறும் தண்ணீரில் அவித்துக் கொடுத்தால் உடம்பு கொஞ்சத்தைத்தான் எடுக்கும். தேங்காய்ப்பால் விட்டோ தேங்காய்ப்பூப் போட்டோ ஒரு கரண்டி எண்ணெயில் வதக்கியோ கொடுங்கள். முருங்கையிலைச் சொதி, தேங்காய்ப்பூப் போட்ட வல்லாரைச் சம்பல் என்று எங்கள் வீட்டுச் சமையலில் இது ஏற்கெனவே இருக்கிறது. சின்னப் பிள்ளைக்கு உறைப்பில்லாமல் எடுத்து மசித்தால் போதும். முட்டை மஞ்சட்கரு, ஈரல், நெத்தலி, சூடை போன்ற சிறுமீன்கள் கிடைக்கும் நாளில் முதற்பங்கு சின்னப் பிள்ளைக்கும் கர்ப்பிணிக்கும்.

இலை பறிக்க என்று துப்புரவு செய்யப்படாத காணிக்குள் கால் வைக்க வேண்டாம். மண்டையோட்டுப் பலகை இருக்கும் இடத்துக்கு அப்பால் எந்தக் கீரையும் வேண்டாம்.

உப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1995 முதல் எங்கள் நாட்டில் சாப்பாட்டு உப்பில் அயடீன் சேர்க்கவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. உப்பளத்தில் அள்ளிய வெறும் உப்பில் அது போதியளவு இராது. அயடீன் குறைந்தால் கழலை வரும், பிள்ளையின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படும். அயடீன் உப்பையே வாங்கி மூடிவையுங்கள், கறி இறக்கும் நேரத்தில் போடுங்கள்.

நீங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பால் குடிக்கும் குழந்தைக்கு விற்றமின் வேண்டாமா? பிறந்தவுடன் சுரக்கும் மஞ்சள் நிற முதற்பாலில் விற்றமின் ஏ நிறைய உண்டு. அதைப் பிழிந்து ஊற்ற வேண்டாம். ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டும் கொடுங்கள். நன்கொடையாகப் பால்மாப் பேணி கிடைத்தாலும் வைத்தியர் சொல்லாமல் கைக்குழந்தைக்குக் கரைத்துக் கொடுக்க வேண்டாம்.

ஆறு மாதத்துக்குப் பிறகு எத்தனை நேரம் சாப்பாடு? 8 மாதம் வரை தாய்ப்பாலோடு நாளுக்கு இரண்டு மூன்று நேரம். 9 மாதத்திலிருந்து இரண்டு வயது வரை மூன்று நாலு நேரம், இடையில் பழமோ அவித்த பயறோ. கரண்டியில் நிற்கும் அளவுக்குக் கட்டியாக இருக்க வேண்டும்.

தேநீர் கொடுக்கலாமா? சின்னப் பிள்ளைக்கு வேண்டாம். தேநீர் சாப்பாட்டிலுள்ள இரும்புச் சத்தை உடம்பு எடுக்கவிடாது. பெரியவர்களும் சாப்பாட்டோடு குடிக்காமல் ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடிப்பது நல்லது. இலைக்கறியில் கொஞ்சம் தேசிக்காய்ப் புளி விட்டால் இரும்புச் சத்து நன்றாகச் சேரும்.

நல்ல சாப்பாடு கொடுத்தும் பிள்ளை ஏன் தேறவில்லை? பல வீடுகளில் காரணம் தண்ணீர். வருடக்கணக்காகப் பாவிக்காத கிணறுகள் இவை. பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லிக் குளோரின் இடுவியுங்கள், கொதித்தாறிய நீரையே கொடுங்கள். வயிற்றோட்டம் வந்தால் தாய்ப்பாலையும் சாப்பாட்டையும் நிறுத்தாமல் ஜீவனி கரைத்துக் கொடுங்கள். கிளினிக்கில் நாகக் குளிசை தந்தால் வயிற்றோட்டம் நின்றபிறகும் சொன்ன 10 முதல் 14 நாளும் கொடுத்து முடியுங்கள். பூச்சிக் குளிசையையும் சொன்ன காலத்தில் கொடுங்கள். வயிற்றில் பூச்சி இருந்தால் நீங்கள் கொடுக்கும் சத்தில் ஒரு பங்கு அதற்கே போய்விடும்.

மருந்து கொடுக்கும்போது படம் எடுக்கிறார்களே, மறுக்கலாமா? மறுக்கலாம். நன்கொடை தந்தவர்களுக்குக் காட்டவே நாங்கள் படம் எடுக்கிறோம். உங்களுக்கு விருப்பமில்லை என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அதற்காக உங்கள் பிள்ளைக்கு வரவேண்டிய எதையும் யாரும் நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் முறையிடுங்கள்.

முடிக்க முன்னர், இந்தக் கிழமைக்குள் செய்யக்கூடிய நாலு விடயங்கள். பிள்ளையின் அட்டையைத் தேடி எடுங்கள், இல்லையென்றால் புதியது கேளுங்கள். கடைசியாக விற்றமின் ஏ குடித்தது எப்போது என்று வீட்டில் எல்லோரும் சேர்ந்து யோசித்து எழுதிவையுங்கள். வெளியிலிருந்து வந்த போத்தல், குளிசை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு அடுத்த கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். அயல்வீட்டில் முருங்கை நின்றால் ஒரு கதியால் வாங்கி நடுங்கள்.

உங்கள் ஊருக்கான கிளினிக் நாளைக் கிராம அலுவலரிடம் அல்லது மருத்துவமாதுவிடம் கேட்டு இந்தக் கைநூலின் பின்னட்டையில் எழுதிக்கொள்ளுங்கள்.